பேலர் வைக்கலை விட்டுப் போகிறதா? பல்லை மாற்றுமுன் பாருங்கள்

"பேலர் வைக்கலை அள்ளுதில்லை, பல்லு ஒரு செட் அனுப்புங்கோ அண்ணை." காலபோக அறுவடை முடிகிற நேரம் வன்னிப் பக்கமிருந்து கொழும்புக் கடைகளுக்கு இப்படித்தான் அழைப்பு வரும். பேலர் என்பது அறுத்த வயலில் கிடக்கிற வைக்கலைப் பல்லால் அள்ளிக் கட்டாகக் கட்டும் மெஷின். பல் உடைந்திருந்தால் சரி. பல நேரம் பல்லுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே இருக்காது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குக் காசு அனுப்புமுன் வயலிலேயே பார்த்துவிடலாம்.

அதிகம் பேர் செய்கிற தவறு, வைக்கல் மிச்சம் கிடக்கிறதென்று பிக்கப்பை, அதாவது பற்கள் பூட்டிய அள்ளும் பகுதியை, இன்னும் பதிப்பது. பல்லின் நுனி நிலத்தில் படவே கூடாது. ஓரிரு அங்குல இடைவெளி வேண்டும். மண்ணைக் கீறினால் பல் வளையும், கட்டுக்குள் மண் சேரும், மாடும் அதைத் தின்னாது. அறுவடை மெஷினின் செயின் சேற்றுக்குள் மிதித்துப் புதைத்த வைக்கலை எந்தப் பல்லும் எடுக்காது. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது டீசல் மிச்சம் பிடிப்பது. பி.டி.ஓ. (டிராக்டரிலிருந்து பேலருக்கு ஓட்டம் கொடுக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட வேண்டிய பேலரை, திராட்டிலைக் குறைத்து இழுத்தால் பிக்கப் மெதுவாகச் சுற்றும். வைக்கல் உள்ளே போகாமல் முன்னால் குவிந்து தள்ளுப்படும். டிராக்டரின் வேகம் கூடினால் கியரைக் குறையுங்கள், திராட்டிலில் கை வைக்க வேண்டாம். வைக்கலை மேலிருந்து அமத்தும் கம்பித் தடுப்பைச் சிலர் இடைஞ்சலென்று கழற்றி வைப்பார்கள். அது இல்லாவிட்டால் கட்டையான வைக்கல் பல்லுக்கு மேலால் பறந்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கேம் பெயாரிங். பற்கள் பூட்டிய ஒவ்வொரு சட்டத்தின் நுனியிலும் ஒரு சின்னப் பெயாரிங், கேம் பாதை என்கிற வளைந்த தடத்துக்குள் ஓடும். பல் எப்போது நீள வேண்டும், எப்போது மடங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஒன்று தேய்ந்தால் அந்தச் சட்டம் ஆடத் தொடங்கும், 'டக் டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வரும். இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மற்றதைவிடத் தளர்வாக ஆடுவதுதான் ஆள். "இந்த போகம் ஓடட்டும்" என்று விட்டால் பெயாரிங்கோடு கேம் பாதையையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அதன் விலையைக் கேட்டபின்தான் பலருக்கு இது விளங்குகிறது.

அப்புறம் ஷியர் போல்ட். அடிக்கடி முறிகிறதென்று தலையில் 10.9 என்று அடித்த உரமான போல்டைக் கேட்டு வருவார்கள். பாரம் கூடினால் முறிவதற்காகவே வைத்தது ஷியர் போல்ட். அது முறியாவிட்டால் கியர்பெட்டியோ செயினோ போகும். கையேட்டில் சொன்ன தரத்தையே போட்டு, எங்கே இறுகுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஈர வைக்கல் சுற்றியிருக்கும்.

அந்த அடைப்பை எடுக்கும்போது பி.டி.ஓ. ஓடவே கூடாது. காலால் தள்ளுவதும் வேண்டாம், வைக்கலைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். பிடியை விடுவதற்குள் மெஷின் கையை உள்ளே இழுத்துவிடும்.