ஆய்விதழைக் கடைசியிலிருந்து படியுங்கள்

புதிய தொழில்நுட்பம் செய்தித்தாளுக்கு வருவதற்குள் அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கு விலை ஏறிவிட்டிருக்கும். கொஞ்சம் முன்னதாகவே மோப்பம் பிடிக்க நேச்சர், சயின்ஸ் போன்ற ஆய்விதழ்களைப் புரட்டலாம். கட்டுரை முழுவதும் புரிய வேண்டியதில்லை, எனக்கும் பாதி புரியாது. முதலில் சுருக்கம், அப்புறம் நேரே கடைசிப் பக்கம். அங்கே ‘காம்பீட்டிங் இன்ட்ரஸ்ட்ஸ்’ (ஆய்வாளரின் சொந்த ஆதாயங்கள்) என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். ஆய்வாளர் யார் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார், எந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில்தான் வரும். அந்தப் பெயர்களைக் குறித்து வையுங்கள். அதே விஷயத்தை வேறு ஆய்வுக்கூடங்களும் செய்து காட்டுகின்றனவா என்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஆனால் அவசரம் கூடாது. மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் என்ற தொழில்நுட்பம் பற்றி விஞ்ஞானிகள் டௌட்னாவும் ஷார்பென்டியேவும் எழுதிய கட்டுரை சயின்ஸில் வந்தது 2012இல். அதை வைத்து மருந்து செய்ய முனைந்த எடிட்டாஸ், இன்டெலியா, கிரிஸ்பர் தெரப்யூடிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களும் பங்குச் சந்தைக்கு வந்தது 2016இல். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சைக்கு பிரிட்டன் அனுமதி கொடுத்தது 2023 நவம்பரில். பதினொரு வருஷம்! நடுவில் இந்தப் பங்குகள் ஏறியதும் உண்டு, தலைகுப்புற விழுந்ததும் உண்டு. எலியில் வேலை செய்தது என்பதற்காக வீட்டுச் செலவுப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை (அனுமதிக்கு முன் நடக்கும் பெரிய சோதனை) நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் போடலாம்.