ஓம் விதி சரி, நீங்கள் போட்ட வோல்டேஜ் எது?

புதிதாக சர்க்யூட் பழகும் இரண்டு பேர் போன வாரம் என் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நான் அந்தக் காலத்தில் செய்த சொதப்பல்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஓம் விதிப்படி வோல்டேஜை கரண்டால் வகுத்தால் மின்தடை, கரண்டோடு பெருக்கினால் பவர். இதை மாற்றிப் போடுகிறவர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. விடையைப் பார்த்து அவர்களே திருந்திவிடுவார்கள்.

எந்த வோல்டேஜ்?

12 வோல்ட் அடாப்டர், 3 வோல்ட் எல்இடி, 20 மில்லி ஆம்பியர். கரண்டைக் கட்டுப்படுத்த எல்இடியோடு தொடரில் போடும் ரெசிஸ்டர் எவ்வளவு? 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்றார் ஒருவர். எல்இடி எடுத்துக்கொண்டது போக ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 9 வோல்ட்தான். ஆக 450 ஓம். கடையில் கிடைக்கும் மதிப்புகளின் வரிசையில் அடுத்து வரும் 470ஐப் போடலாம். 600 போட்டால் எல்இடி கொஞ்சம் மங்கலாக எரியும், அவ்வளவுதான். வம்பே அங்கேதான். தப்பு தண்டிக்காததால் பழக்கமாகிவிடுகிறது.

எனக்கு அந்தத் தப்பு 7805 ரெகுலேட்டரில் (உள்ளே வரும் வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஐசி) தண்டனை கொடுத்தது. 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 1 ஆம்பியர் லோடு. ஐந்தை ஒன்றால் பெருக்கி 5 வாட், அது லோடுக்குப் போகிறது, ரெகுலேட்டருக்கு என்ன சூடு வரப்போகிறது என்று ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமலே விட்டேன். கொஞ்ச நேரம் ஓடும், அணையும், ஆறியதும் தானாக உயிர் வரும். ஐசி மட்டம் என்று முடிவு கட்டி மூன்று தடவை மாற்றினேன். மூன்றாவது தடவை சால்டரிங் சூட்டில் செம்புத் தடம் பெயர்ந்து வந்தது; போர்டே போச்சு. கழற்றிப் போட்ட மூன்றும் நல்ல ஐசிகள்!

ரெகுலேட்டரின் மீது விழுவது 12க்கும் 5க்கும் உள்ள வித்தியாசமான 7 வோல்ட். 1 ஆம்பியரில் 7 வாட், முழுக்கச் சூடு. ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கே 50 டிகிரிக்கு மேல் ஏறும். உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அணைத்துக்கொண்டிராவிட்டால் அது கருகியிருக்கும்.

இன்றைக்கும் யாராவது அடாப்டரில் அச்சிட்ட 12ஐ எடுத்து எல்லாப் பாகத்துக்கும் பொதுவாகப் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் படத்தில் ஒவ்வொரு பாகத்தின் இரு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். தொடரில் இருப்பவற்றைக் கூட்டினால் சப்ளை வர வேண்டும். வராமல் பெருக்கலைத் தொடாதீர்கள். மீட்டரில் பார்ப்பதானாலும் கறுப்பு முனையை கிரவுண்டிலேயே விட்டுவிடாமல், இரண்டையும் அந்தப் பாகத்தின் கால்களிலேயே வையுங்கள்.

வாட்டைக் கணக்கிட்ட பிறகு

மேலே சொன்ன 470 ஓம் ரெசிஸ்டரில் சுமார் 0.17 வாட் போகிறது. கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் தொட முடியாது. நான் எப்போதும் இரண்டு மடங்கு பார்ப்பேன். அரை வாட் போடுங்கள்.

மில்லி

மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றாமல் பெருக்காதீர்கள்.

ஏசி மோட்டார்

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் அல்ல. வாட் வேண்டுமென்றால் பவர் ஃபேக்டராலும் (விஏயில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) பெருக்குங்கள்.

குளிர்ந்த பல்பு

60 வாட், 230 வோல்ட் குண்டு பல்பைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 60, 70 ஓம் காட்டும். அதை வைத்து பவர் கணக்கிட்டால் 800 வாட்டைத் தொடும், மீட்டர் மேல் சந்தேகம் வரும். மீட்டர் பாவம். எரியும்போது டங்ஸ்டன் இழையின் தடை 880 ஓமுக்கு ஏறிவிடுகிறது. குளிர்ந்த இழையின் தடை குறைவு என்பதால் சுவிட்சைப் போட்ட கணத்தில் கரண்ட் பல மடங்கு பாய்கிறது; பழைய பல்புகள் பெரும்பாலும் அப்போது பட்டென்று போவதும் இதனால்தான்.