மாமர நிழலில் கனகாம்பரம்

வேலூர் வெயிலில் பூச்செடி நிற்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது எங்கள் காட்பாடி வீட்டுத் தோட்டத்தைத்தான். மாமரத்துக்குக் கிழக்கே கனகாம்பரம் வைத்திருக்கிறேன். பத்து, பத்தரை வரை காலை வெயில்; அப்புறம் மரநிழல். இந்தச் செடிக்கு அதுதான் தோது. நாள் முழுக்க இருட்டாக இருந்தால் இலைதான் தழைக்கும், பூக்கதிர் குறைந்துவிடும். அடிமரத்தை ஒட்டி நடாதீர்கள். மாமர வேர் தண்ணீரைக் குடித்துவிடும்.

டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. குச்சி வெட்டித்தான் வைக்க வேண்டும். மற்ற ரகங்களுக்கு விதை உண்டு. காய்ந்த கதிரை ஒரு தாம்பாளத்தில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துத் துணியால் மூடுங்கள். பட்டாசுக்காய் போலப் படபடவென்று வெடித்து விதை சிதறும். மூட மறந்தால் வீடு முழுக்கப் பெருக்க வேண்டியதுதான்!

ஆடி, ஆவணியில் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடி இடைவெளி, மட்கிய தொழு உரம், கொஞ்சம் மேடான பாத்தி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

நம்ம ஊரில் வெயிலைவிடத் தொல்லை போர்வெல் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் கொழுந்து இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துச் சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கத்திரி வெயில் நாட்களில் கை கொடுக்கும்.

ஆனால் செடியே குன்றி, தண்ணீர் ஊற்றியும் வாடினால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத மண்புழுக்கள் அல்லாத நுண்புழு. அந்தச் செடியை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்து, நடுநடுவே செண்டுமல்லி வையுங்கள். புழு முற்றிலும் ஒழியாது, ஆனால் மட்டுப்படும்.

பூவை ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் பறித்தால் போதும். பறித்த பூவும் சீக்கிரம் வாடாது. கீழிருந்து மேலாகப் பூத்து முடிந்த கதிரை வெட்டிவிட்டால் பக்கக் கிளை கிளம்பும். விதைக்கு வேண்டியதை மட்டும் செடியிலேயே காயவிடுங்கள்.