புயலின் வேகத்தைக் கேட்டு வேலூர் மழையை அளக்காதீர்கள்

ஐப்பசி பிறந்தால் வேலூர் மாவட்டத்தில் எங்கள் திருவலத்தில் பாதிப் பேர் வானிலை நிபுணர்களாகிவிடுகிறார்கள். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். அமெரிக்கர்களின் புயல் படம்: ஊதா நிறத்தில் ஒரு சுழி, அதன் மேல் காற்றின் வேகம் மணிக்கு 130 கி.மீ. என்று ஓர் எண். நம் வானிலை மையமோ 110 என்கிறது. உண்மையை மறைக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம்.

யாரும் மறைக்கவில்லை. அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறார்கள், நம்மவர்கள் மூன்று நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு முதல் கணக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். அதைவிட முக்கியம், அந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் அளப்பதே இல்லை. அட்லாண்டிக்கில் விமானம் புயலுக்குள்ளேயே நுழைந்து அளக்கிறது. வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் வடிவத்தைப் பார்த்து, 1970களில் அமெரிக்க வானிலையாளர் டுவோராக் வகுத்த முறைப்படி மதிப்பிடுகிறார்கள். இன்றைய வேகமே மதிப்பீடு என்றால், நாளைய வேகத்தை எவ்வளவு நம்பலாம்?

இன்று வலுத்தது, நாளையும் வலுக்கும் என்று கோடு இழுப்பது அடுத்த தவறு. புயல் போகும் பாதையை, அதைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டங்கள் தீர்மானிக்கின்றன. அதைக் கணிப்பது ஓரளவு கைவந்துவிட்டது. வலிமை அப்படியில்லை, மையத்தை ஒட்டிய சிறிய வட்டத்துக்குள் நடக்கும் சமாச்சாரம் அது. கடல் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் போதும், புயல் வலுக்கும் என்பார்கள். ஐப்பசியில் வங்கக் கடல் எப்போதும் அதைவிடச் சூடுதான்! மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் காற்று வீசினால் சுழி சாய்ந்துவிடும்; வறண்ட காற்று புகுந்தால் மேகம் கரையும். 2024 நவம்பரில் வங்கக் கடலின் தாழ்வு மண்டலம் ஃபெஞ்சல் என்ற புயலாக மாறும் என்றார்கள், பிறகு ஆகாது என்றார்கள், 29ஆம் தேதி ஆகியே விட்டது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ், சுமார் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியானது. எந்தக் கணினி மாதிரியும் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

நம் மாவட்டத்துக்கு உண்மையில் வினையாவது இவை எதுவுமல்ல. புயல் என்ற பட்டம் இல்லையென்றால் பயமில்லை என்ற எண்ணம்தான். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நமக்குக் காற்று வருவதற்குள் தளர்ந்துவிடும். மழை தளராது. 2021 நவம்பர் 19 விடியற்காலையில் கரை கடந்தது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; பெயர்கூட வைக்கப்படவில்லை. அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பாலாறு கரைகொள்ளாமல் ஓடியது. ஃபெஞ்சலும் காற்றில் பெரிய புயல் அல்ல. நகராமல் நின்றதால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

அதனால் வேகத்தைவிட, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அடுத்து சித்தூர்ப் பக்க மழையளவு. எங்கள் இரும்புப் பாலத்துக்கு அடியில் வரும் பொன்னையாற்றுத் தண்ணீர் அங்கிருந்து வருவது.