பழைய கேரவனில் இரண்டாவது டீசல் டேங்க் பொருத்துவது எப்படி?

சென்னையில் கேரவனாக ஓடும் பழைய வண்டிகளில் பல, டெம்போ டிராவலர் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டியவை. அந்த மாதிரி, ஹேண்ட் பிரைமர் (டீசல் லைனில் புகுந்த காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றும் சிறு பம்ப்) வைத்த பழைய டீசல் இன்ஜின் வண்டிக்குத்தான் இந்தச் செய்முறை. பெட்ரோல் வண்டிக்கு இதைத் தொடவே வேண்டாம். அதன் ஆவிக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள் என்றால் இந்த வேலை வீண். ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் கன்னியாகுமரி வரை பங்க் இருக்கிறது. மணாலி–லே பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை வேறு: அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய, தாண்டி என்ற ஊரின் பங்க் பலகை அங்கே பிரபலம். மலை ஏற்றத்தில் வண்டி குடிக்கும் டீசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கூடுதல் டேங்குக்கு நியாயம் கிடைக்கும். ஏ.சி. ஓட டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே.

படி 1: எடையும் ஆர்.சி.யும்

டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ. 68 லிட்டர் நிரப்பினால் 56 கிலோ, 2 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்த டேங்க் 22 கிலோ. ஆங்கிள், பட்டி, போல்ட் எல்லாம் ஒரு 10 கிலோ. ஆக 90 கிலோவுக்குப் பக்கம். கட்டில், ஃப்ரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் ஏறிய பழைய கேரவன் பெரும்பாலும் ஏற்கெனவே எடை எல்லையில்தான் நிற்கும்.

அதனால் தகடு வாங்கும் முன் எடை மேடைக்குப் போங்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரிகளுக்கான எடை மேடைகள் உண்டு. தண்ணீரும் டீசலும் நிரப்பி, ஆட்களும் ஏறிய நிலையில் முழு வண்டியை ஒரு தடவையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு தடவையும் போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டுகிறது என்றால் வேறு எதையாவது இறக்காமல் டேங்க் ஏற்ற முடியாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டு அனுமதி வாங்கியபின் வேலையைத் தொடங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் பொருத்திய டேங்க், விபத்து கிளெய்மை மறுக்க ஒரு காரணம் ஆகிவிடும்.

படி 2: இரண்டு டேங்கையும் எப்படி இணைப்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. மூன்று வழிகள் உண்டு.

இரண்டு டேங்கின் அடிப்பக்கத்தையும் ஒரு குழாயால் இணைத்து மட்டம் தானாகச் சமமாகட்டும் என்று விடுவது ஒன்று. பார்க்க எளிது. ஆனால் வண்டியின் அடியில் தாழத் தொங்கும் அந்த ஒரு குழாயில் கல் அடித்தால் இரண்டு டேங்கும் சாலையில் கொட்டும். வேண்டாம்.

இன்ஜினுக்கு எந்த டேங்கிலிருந்து டீசல் போக வேண்டும் என்று வால்வு வைத்து மாற்றுவது இரண்டாவது. டீசல் இன்ஜின் இழுக்கும் எண்ணெயில் ஒரு பங்கை ரிட்டர்ன் லைன் வழியே திருப்பி அனுப்பும். இன்ஜினுக்குப் போகும் லைனை மட்டும் வால்வு மாற்றினால், இரண்டாவது டேங்கில் ஓடும்போதும் ரிட்டர்ன் முதல் டேங்குக்கே போய்ச் சேரும். அது ஏற்கெனவே நிறைந்திருந்தால் வழியும். இதைத் தவிர்க்க, இரண்டு லைனையும் ஒன்றாக மாற்றும் ஆறு வாய் உள்ள வால்வு வேண்டும். மாற்ற மறந்தால் காற்று இழுத்து நடுவழியில் இன்ஜின் நிற்கும்.

மூன்றாவது, சிறிய 12 வோல்ட் பம்ப் வைத்து இரண்டாவது டேங்கிலிருந்து முதல் டேங்குக்கு ஏற்றுவது. இன்ஜினின் பழைய லைன் எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டாவது டேங்க் காலியானாலும் காற்று இன்ஜினுக்குப் போகாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதுதான் சரி. மீதிப் படிகள் இந்த முறைக்கே.

படி 3: டேங்க் செய்வது

வண்டிக்கு அடியில் படுத்து இடத்தை அளந்து, அட்டையில் அதே அளவுக்குப் பெட்டி செய்து வைத்துப் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில், சேசிஸுக்கு வெளிப்புறம், தண்ணீர் டேங்குக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் நல்லது. பின்பம்பருக்கு அருகே வைத்தால் பின்னாலிருந்து மோதும் வண்டி நேராக டேங்கில் மோதும். சைலன்சர் குழாயிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். முடியாவிட்டால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். டேங்கின் அடி, பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டையைவிடத் தாழக் கூடாது. நம் ஊர் வேகத்தடைகள் எந்தக் கணக்கிலும் அடங்காது.

90 × 40 × 20 செ.மீ. பெட்டி 72 லிட்டர் கொள்ளும். மேலே 5 சதவீதம் காலியாக விட்டால் 68. பம்ப் எட்டாமல் அடியில் தங்குவது 5 லிட்டருக்கு மேல். கைக்குக் கிடைப்பது சுமார் 63.

தகடு 2 மி.மீ. இரும்பு அல்லது 3 மி.மீ. 5052 வகை அலுமினியம். அலுமினியம் பாதி எடைதான், துருவும் பிடிக்காது. ஆனால் ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர் வேண்டும். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பட்டறைகளில் விசாரியுங்கள். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரிப் படிவை உண்டாக்கும், ஃபில்டரும் இன்ஜெக்டரும் அடைக்கும். செம்புக் குழாயும் ஆகாது, டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். புதுப்பேட்டையில் பழைய டேங்க் வாங்கி வெட்டி ஒட்டும் யோசனை இன்னும் மோசம். எரிபொருள் இருந்த டேங்கில் எத்தனை தடவை கழுவினாலும் வெல்டிங் வைக்காதீர்கள்.

உள்ளே 30 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு தடுப்புத் தகடுகள். பிரேக் போடும்போது 50 கிலோ எண்ணெய் ஒரே அலையாக முன்சுவரில் மோதாமல் இவை தடுக்கும். தகட்டின் நான்கு மூலைகளையும் வெட்டி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேலே காற்றும் கீழே டீசலும் அறை அறையாகச் சிக்கிக்கொள்ளும்.

மேல்தகட்டில் வர வேண்டியவை: 50 மி.மீ. நிரப்பும் வாய், நிரப்பும்போது காற்று வெளியேற 16 மி.மீ. காற்றுக் குழாய், மற்ற நேரத்தில் காற்று போய்வர 8 மி.மீ. மூச்சுக் குழாய், 8 மி.மீ. உறிஞ்சு குழாய், நடுவில் அளவு காட்டும் மிதவைக்கு ஐந்து போல்ட் துளை. உறிஞ்சு குழாயின் நுனி அடியிலிருந்து 15 மி.மீ. மேலே நிற்கட்டும், சாய்வாக வெட்டியிருக்கட்டும். அடியில் ஒரு வடிகால் போல்ட்.

16 மி.மீ. குழாயை மேல்தகட்டோடு நிறுத்தாமல் உள்ளே 1 செ.மீ. இறக்குங்கள். டீசல் அந்த மட்டத்தைத் தொட்டதும் பெரிய காற்றுவழி அடைபட்டு, நிரப்பும் குழாயில் எண்ணெய் ஏறி, பங்க் நாசில் தானே நிற்கும். அந்த 5 சதவீதக் காலியிடம் அப்படித்தான் கிடைக்கிறது. அது எதற்கு? காலையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த டீசல் மத்தியானத்தில் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், 68 லிட்டர் ஒரு லிட்டருக்கு மேல் விரியும். இடமில்லை என்றால் வழியும்.

படி 4: கசிவுச் சோதனை

எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பில் 0.2 பார் வரை மட்டும் காற்று ஏற்றி, வெல்டிங் மீது சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கம்ப்ரசரைக் கொண்டுவர விடாதீர்கள். 0.2 பாரிலேயே அந்த மேல்தகட்டின்மீது 700 கிலோவுக்கு மேல் விசை விழுகிறது. கம்ப்ரசர் ஒரு நொடியில் பெட்டியை உப்ப வைத்துவிடும். பிறகு உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றிக் குலுக்கி, வெல்டிங் துகளைக் கழுவுங்கள். இரும்பு டேங்க் என்றால் வெளிப்புறம் எபாக்ஸி பிரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும். ஈ.சி.ஆர். உப்புக்காற்று சாதா பிரைமரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

படி 5: மாட்டுவது

40 × 40 மி.மீ. ஆங்கிளில் தொட்டில் போலச் சட்டம், மேலே 40 மி.மீ. அகல இரும்புப் பட்டி இரண்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் எல்லா இடத்திலும் 3 மி.மீ. ரப்பர் ஷீட். சேசிஸோடு 8.8 ரக எம்10 போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட். சேசிஸின் செங்குத்தான நடுப்பகுதியில் மட்டும் துளையுங்கள். மேல், கீழ் விளிம்பில் ஒரு துளை போட்டாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்; வண்டியின் வளைவு விசையைத் தாங்குவது அந்த விளிம்புகள். சேசிஸில் வெல்டிங்கும் கூடாது.

படி 6: நிரப்பும் வாயும் மூச்சுக் குழாயும்

நிரப்பும் ஹோஸ் டேங்கை நோக்கித் தொடர்ந்து சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் டீசல் அங்கே தேங்கி நுரைக்கும், பங்க் பையன் இரண்டு லிட்டருக்கு ஒரு தடவை நாசிலை அழுத்திக்கொண்டு நிற்பார். 16 மி.மீ. காற்றுக் குழாயை நிரப்பும் வாயின் மூடிக்குக் கீழே கொண்டுவந்து சேருங்கள்.

8 மி.மீ. மூச்சுக் குழாயைப் பலரும் டேங்கின் பக்கத்திலேயே கீழ்நோக்கித் தொங்கவிடுகிறார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை மழைத் தண்ணீரில் ஒரு தடவை போனால் டேங்குக்குள் தண்ணீர்தான். 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில் இதைச் சொல்லவே தேவையில்லை. குழாயை நிரப்பும் வாயைவிட உயரமாகப் பாடி சுவரோடு ஏற்றி, வளைத்து, நுனியைக் கீழ்நோக்கித் திருப்பி, பூச்சி புகாமல் சிறு வலை மாட்டுங்கள். வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்றும் இந்த லைனில் வேண்டும்.

நிரப்பும் வாயிலிருந்தும் டேங்கிலிருந்தும் சேசிஸுக்கு ஒரு எர்த் வயர். ரப்பர் ஹோஸ் மின்சாரம் கடத்தாது. நிரப்பும்போது சேரும் நிலைமின்னேற்றம் வெளியேற வழி வேண்டும். நம் டீசலின் தீப்பற்று வெப்பநிலைக்கு, அதாவது அதன் ஆவி பொறி பட்டால் பற்றும் வெப்பநிலைக்கு, தர நிர்ணயத்தில் உள்ள கீழ்வரம்பு 35 டிகிரி. கத்திரி வெயிலில் சென்னை அதைச் சுலபமாகத் தாண்டும்.

படி 7: பம்ப், லைன், வயரிங்

ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 அல்லது ஆர்9 என்ற எரிபொருள் ஹோஸ் தரக்குறி அச்சடித்திருக்க வேண்டும். ஜி.பி. ரோடு கடைகளில் கேட்டு, முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் டியூப் சில மாதத்தில் விறைத்து வெடிக்கும். லைனை 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் வைத்துக் கட்டுங்கள்; சமையல் கேஸ் குழாயோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

வரிசை இது: உறிஞ்சு குழாய், சிறு ஃபில்டர், பம்ப், 12 வோல்ட் சாலினாய்டு வால்வு (மின்சாரம் வந்தால் மட்டும் திறப்பது), பிறகு முதல் டேங்கின் நிரப்பும் ஹோஸ். பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சுமார்; அதனால் டேங்குக்குப் பக்கத்தில் தாழ வையுங்கள். முதல் டேங்கைத் துளைக்க வேண்டாம். அதன் நிரப்பும் ஹோஸைக் கழற்றி, நடுவே வெட்டி, 8 மி.மீ. மூக்கு வைத்து லேத்தில் செய்த உலோகக் குழாயைச் செருகி இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள்.

சாலினாய்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இவ்வகைப் பம்ப் பல, நின்றபின்னும் டீசலை உள்ளே ஓட விடும். இரண்டாவது டேங்கின் மட்டம் சற்று உயரமாக இருந்தால் இரவெல்லாம் தானாக இறங்கி முதல் டேங்க் வழிந்துவிடும்.

பேட்டரி, 5 ஆம்பியர் ஃப்யூஸ், இக்னிஷனில் வேலை செய்யும் ரிலே, அழுத்தினால் 15 நிமிடம் ஓடி நிற்கும் டைமர்; அதிலிருந்து பம்பும் சாலினாய்டும் ஒன்றாக. சாதா சுவிட்ச் போட்டால் மறந்துவிடுவீர்கள். மிதவையும் மீட்டரும் ஒரே ஓம் கணக்கில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத ஜோடி காலி டேங்கை முக்கால் என்று காட்டும்.

படி 8: முதல் ஓட்டம்

15 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். முதல் டேங்குக்குப் போகும் நுனியைக் கழற்றி 5 லிட்டர் கேனில் விட்டு நேரம் பாருங்கள். 4 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 75 லிட்டர். ஒரு 15 நிமிட ஓட்டம் 19 லிட்டர் கொடுக்கும். முதல் டேங்க் மீட்டர் பாதிக்குக் கீழே வந்தபின்தான் பட்டனை அழுத்துவது.

பிறகு முழுதாக நிரப்பி, கீழே அட்டை விரித்து ஒரு இரவு நிறுத்துங்கள். மறுநாள் 100 கி.மீ. ஓட்டிவிட்டுப் பட்டி, போல்ட் எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள். ரப்பர் ஷீட் அழுந்தித் தளர்ந்திருக்கும்.

பம்ப் உறுமுகிறது, மட்டம் ஏறவில்லை என்றால் முதலில் சாலினாய்டைக் கவனியுங்கள், பட்டனை அழுத்தும்போது 'டக்' சத்தம் வர வேண்டும். வந்தால் அடுத்தது ஃபில்டர். நிரப்பு மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகிறது என்றால் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது. பெரும்பாலும் குளவி மண்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் டேங்கை நிறைத்தே நிறுத்துங்கள். காலி இடத்து ஈரக்காற்று உள்ளே வியர்த்துத் தண்ணீராகும். மாதம் ஒரு தடவை வடிகால் போல்ட்டை லேசாகத் தளர்த்தி ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள்.