சின்ன கேம்பர் வேனுக்கு மாறும் முன் எடையைப் பாருங்கள்

இருவர் மட்டும் பயணம் போக, பெரிய மோட்டார் ஹோமை (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) கொடுத்துவிட்டு, தங்கிப் பயணிக்க ஏற்ற சின்ன கேம்பர் வேன் வாங்குபவர்கள் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். காலை வாருவது எடை. வண்டித் தகட்டில் உள்ள அதிகபட்ச எடையில் காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. 3,500 கிலோ அனுமதி, காலி எடை 3,000 என்றால் கையில் 500. ஆட்கள் இருவர் 150, தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. சைக்கிள், கூடுதல் பேட்டரி, வெளிப்பந்தல் சேர்ந்தால் மீதியும் போச்சு. விற்பவர் சொல்லும் கணக்கு வேண்டாம், எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். பின் அச்சைத் தனியாகவும் எடை போடுங்கள்: சைக்கிள் தாங்கி பின்னால் தொங்கினால், மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சின் எடை அதன் வரம்பை மீறிவிடும்.

அடுத்து படுக்கை. வாங்கும் முன் இருவரும் பத்து நிமிடம் படுத்தே பாருங்கள். வேனின் அகலவாக்கில் போட்ட குறுக்குப் படுக்கையில் உள்பக்கம் படுப்பவர், நள்ளிரவில் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மெத்தைக்கு அடியில் முழுப்பலகை இருந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டங்களே நல்லது.

கேசட் கழிப்பறையில், கழற்றி எடுத்துக் காலி செய்யும் தொட்டி பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான். இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும்.