போட்டோஷாப்பில் பத்திரிகை அட்டை: தலைப்பும் தலையும் மோதாமல்

ஏ4 பத்திரிகைக்கு அட்டை என்றால், கோப்பை 210 × 297 மி.மீ. அளவில் திறக்காதீர்கள். அச்சானபின் தாளை வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலே ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 216 × 303 மி.மீ., 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று வையுங்கள். 2551 × 3579 பிக்சல் வரும். நியூ கைடு லேஅவுட்டில் ஓரம் 3 மி.மீ. என்று ஒருமுறை, 13 மி.மீ. என்று இன்னொருமுறை கோடு போடுங்கள். முதல் கோட்டில் கத்தி விழும். இரண்டாவதைத் தாண்டி எழுத்து எதுவும் போகக்கூடாது.

படத்தை ஒட்டுவதற்கு முன், அதன் இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு அகலத்தை 216 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். 1500 பிக்சல் அகலப் படம் 176 பிபிஐதான் தேறும்; திரையில் பளிச்சென்றிருந்தாலும் தாளில் மங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியே வந்திருக்கும், மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆளின் தலைக்கு மேல் படத்தின் உயரத்தில் கால்வாசியாவது காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்திரிகைப் பெயர் நெற்றியில் வந்து உட்காரும்.

பெயரைத் தட்டும்போது 'கொ' போன்ற எழுத்துகள் கொம்பு வேறு கால் வேறாகச் சிதறினால், எழுத்தமைப்பை வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாற்றுங்கள். யூனிகோட் எழுத்துருதான் வேண்டும்.

பெயருக்கு முன்னால் தலை வருவதுபோல் செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பட லேயரை கண்ட்ரோல் ஜே அழுத்திப் படியெடுத்துப் பெயர் லேயருக்கு மேலே நகர்த்துங்கள். செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து, செலக்ட் அண்ட் மாஸ்க்குக்குள் போய், ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷால் முடி ஓரத்தை மட்டும் தேய்த்து, லேயர் மாஸ்க்காக (ஆளைத் தவிர மற்றதை மறைக்கும் திரையாக) வெளியே எடுங்கள். முடியைச் சுற்றிப் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் டீகண்டாமினேட் கலர்ஸை இயக்குங்கள். அது படத்தின் பிக்சல்களையே மாற்றுவதால், மாஸ்க்கோடு புதிய லேயராகத்தான் வெளியே தரும்.

எவ்வளவு மறைக்கலாம்? ஆங்கிலப் பெயரில் பாதி எழுத்து மறைந்தாலும் கண் ஊகித்துவிடும். தமிழில் தலைமுடி ஒரு புள்ளியை விழுங்கினால் 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். விலங்கின் (எழுத்தின் மேல் வளையும் இகர, ஈகாரக் குறியின்) சுழி மறைந்தால் 'கீ', 'கி' ஆகும். ஆகவே புள்ளியும் விலங்கும் இல்லாத எழுத்தின் அடிப்பகுதியில் தலையை வையுங்கள். அப்படி இடம் அமையாவிட்டால் இந்த வித்தையையே விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

கட்டுரைத் தலைப்புகள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். முகத்தின் மேல் ஒன்றுகூட வேண்டாம். பின்னணி இரைச்சலாக இருந்தால், எழுத்துக்கு நிழல் கொடுப்பதைவிட அடியில் மல்டிப்ளை முறையில் ஒரு கறுப்பு கிரேடியன்ட்டை 40 சதவீத அடர்த்தியில் விரிப்பது சுத்தமாக இருக்கும்.

கடைசியில், அச்சகம் சொல்லும் புரொஃபைலில் (நிற அமைப்பில்) சிஎம்ஒய்கேக்கு, அதாவது அச்சின் நாலு மை நிறமுறைக்கு, மாற்றுங்கள். லேயர்களை ஒன்றாக்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பளபளக்கும் நீலமும் பச்சையும் மங்குவது இயல்பு. கண்ட்ரோல் ஒய் அழுத்தி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கறுப்பு எழுத்து நாலு மையாகப் பிரிந்திருக்கும். நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் சற்று விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும், அதனால் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று திருத்துங்கள். பார்கோடுக்கும் இதே கறுப்பு, வெள்ளைக் கட்டத்துக்குள். அதன் 37.29 × 25.93 மி.மீ. முழு அளவிலிருந்து 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கினால் ஸ்கேனர் படிக்காமல் போகலாம். ஜேபெக்காக அல்லாமல் பிடிஎஃப்பாகச் சேமித்தால் எழுத்தின் விளிம்பு கூர்மை குறையாது.